கொன்றை எப்போது பூத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவநிலை மாற்றம் பற்றிய தங்கள் கட்டுரையில் பனிப்பாறையும் கடல்மட்டமும் வந்தன. தெருமுனை மரம் வரவில்லை. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த காலத்தை 9ஆம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பூ பார்க்கும் விருந்துக்காகத்தான், அறிவியலுக்காக அல்ல! 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்துவிட்டன. அதற்கு முந்தைய 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததாகப் பதிவே இல்லை என்று சொல்ல முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான்.

நம்மிடம் அப்படியொரு நெடுங்கணக்கு இல்லை. 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டம் அதைத் தொடங்கியிருக்கிறது. கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் பங்கேற்கிறார்கள். வாரம் ஒருமுறை ஒரே மரத்தைப் பார்த்து, துளிர், மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். 'இல்லை' என்பதும் தரவுதான்.

விஷு பண்டிகைக்கு முன்பே கொன்றை பூத்து உதிர்ந்துவிடுகிறது என்ற புலம்பல் கேரளத்தில் அடிக்கடி கேட்கிறது. ஏதோ ஓர் ஆண்டில் முந்திப் பூத்ததற்கு மழைக்குறைவும் காரணமாக இருக்கலாம். பல்லாண்டுப் பதிவு இருந்தால்தான் அதையும் பருவநிலை மாற்றத்தையும் பிரித்துச் சொல்ல முடியும்.

தங்கள் இதழில் வாசகர்களின் மரக்குறிப்புகளுக்கு மாதம் ஒரு பத்தி ஒதுக்கலாமே? மரம், ஊர், தேதி இருந்தால் போதும், கவிதை வேண்டாம்.

– வாசகர், தஞ்சாவூர்