பஞ்சு எங்கே?



வாசற்படி ஏறி வீட்டினுள் செல்வது நம் முன்னோர் கண்ட வழக்கம். அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கத்து உட்தெருக்களில் இன்று பல வீடுகளுக்குள் படி இறங்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி அகற்றாமல் அதன்மீதே புதுத் தாரை இட்டு வந்தமையால் சாலை வளர்ந்துகொண்டே போயிற்று; வீடு நின்ற இடத்திலேயே நின்றது. சுரண்டிய பின்னரே புதுச்சாலை இடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். நல்லதுதான், ஆனால் அதற்குள் வளர்ந்துவிட்ட சாலையைக் குறைப்பார் யார்? ஆகவே வீட்டை உயர்த்துகிறார்கள்.

என் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரும் சென்ற கோடையில் அவ்வாறே செய்தனர். தந்தை தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழங்காலளவும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இடுப்பளவும் நீர் புகுந்த வீடு அது. இரண்டாம் வெள்ளத்தின்போது அவ்வீட்டுச் சிறுவன் புத்தகப் பையைத் தேடவில்லை. பஞ்சு என்னும் தன் வெள்ளை முயலைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி நின்றானாம்.

வீட்டை உயர்த்தும் விதத்தை நானும் நின்று பார்த்தேன். சுவரோரம் பள்ளம் தோண்டி, அடித்தளத்தைச் சிறிது சிறிதாக உடைத்து, இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின்கீழ் ஜாக்கிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். லாரிச் சக்கரம் மாற்றும் ஜாக்கியின் இனந்தான். அரியானாவிலிருந்து வந்த மேஸ்திரி குரல் கொடுக்க, ஆட்கள் எல்லாரும் ஒரே அளவாகத் திருகுகிறார்கள். ஒருவன் கூடுதலாகத் திருகினால் சுவர் விரிசல் காணும். சில அங்குலம் எழும்பியதும் இடைவெளியில் கல் அடுக்கிக் கட்டுகிறார்கள். சுவரும் கூரையும் மேலே போகும். பழைய தரை மட்டும் கீழேயே கிடக்கும். பிறகு மண் கொட்டி நிரப்பிப் புதுத்தரை இடவேண்டும். சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் கோணாமல் எழும்பியதைக் கண்டு நான் வியந்து நின்றேன். சுவரைப் பற்றிக் கேட்டேன், செலவைப் பற்றிக் கேட்டேன். முயலைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலை முடியும்வரை குடும்பத்தார் பட்டாபிராமில் மாமா வீட்டில் தங்கினர். அங்கே நாய் இருந்தது. எனவே பஞ்சுவின் கூண்டைப் பின்கட்டிலேயே விட்டுவிட்டு, தந்தை காலையும் மாலையும் வந்து முருங்கைத் தழையும் அறுகம்புல்லும் வைத்துப் போனார். மே மாதம், தகரக் கூரை, நாள் முழுதும் சம்மட்டி ஓசை.

முயல் வளர்ப்போருக்கு இங்கே ஒரு வார்த்தை. முயலுக்கு உடல் வியர்ப்பதில்லை. வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகள் வழியாகவே வெளியேற்றுகிறது. அச்சங்கண்டால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அச்சம் நீடித்தால் உண்பதை நிறுத்தும். அதன் குடல் ஓயாது இயங்கவேண்டிய ஒன்று. ஒருநாள் தழையைத் தொடாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லவேண்டும். பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி ஆதலால் தன் நோயை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. ஆகையால் கூண்டில் மிஞ்சிக் கிடக்கும் தழைதான் அது நமக்குச் சொல்லும் சேதி.

அச்சேதியைத் தந்தை பார்த்தார். காலையில் வைத்த தழை மாலையில் அப்படியே வாடிக் கிடந்தது. வெயிலின் கொடுமை என்றெண்ணித் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனார். அன்று வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடும். மறுநாள் காலை பஞ்சு விறைத்துக் கிடந்தது.

தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஃபாதர், பிள்ளைக்கு இன்னும் தெரியாது. திருநின்றவூரில் ஒரு தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம் என்கிறார் எங்கள் அத்தை. சொல்லலாமா?"

நான் உடனே மறுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அழுகையைத் தவிர்க்கும் பொய் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் "பஞ்சு எங்கே? எப்போது பார்க்கப் போகலாம்?" என்று அவன் ஞாயிறுதோறும் கேட்பான். அந்தத் தோட்டத்துக்கு வேலியும் கிணறும் நாம் கட்டிக்கொண்டே போகவேண்டும். பின்னொரு நாள் உண்மை தெரியும்போது, முயலோடு பெற்றோரின் சொல்லையும் அவன் இழப்பான். "உள்ளதைச் சொல்லுங்கள் அம்மா. அவனை அழைத்து வாருங்கள், நானும் வருகிறேன்" என்றேன்.

தந்தையே சொன்னார். தழை தீண்டப்படாமல் கிடந்ததைக் கண்டும் தாம் அசட்டையாய் இருந்துவிட்டதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்படி நான் கேட்டிருக்கவில்லை. சிறுவன் அவரைப் பார்க்கவே இல்லை. தமிழறியாத அந்த மேஸ்திரி வேலையை நிறுத்தி, கொய்யா மரத்தடியில் தம் கையாலேயே குழி தோண்டினார். பழைய பள்ளிச் சட்டை ஒன்றில் சுற்றிப் பஞ்சுவை அதில் வைத்தோம்.

"ஃபாதர், பஞ்சு மோட்சத்துக்குப் போகுமா?" என்று அவன் கேட்டான்.

விலங்கின் ஆன்மா உடலோடு முடிந்துவிடும் என்பது புனித தாமஸ் அக்குவினாசின் கருத்து. குருமடத்தில் அதைப் படித்து எழுதித் தேறியவன் நான். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில், நிலைவாழ்வில் படைப்பு ஒவ்வொன்றும் உருமாற்றம் பெற்றுத் தன் இடத்தை அடையும் என்று எழுதினார். குழியருகே நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்விரண்டையும் விளக்கவா முடியும்? அசிசி நகர் பிரான்சிசின் கதையைச் சொன்னேன். கண்ணியில் சிக்கிய முயலொன்றைச் சகோதரர் ஒருவர் அவரிடம் கொண்டுவந்தார். அவர் இறக்கி விட விட, அது திரும்பத் திரும்ப அவர் மடிக்கே வந்தது. இறுதியில் காட்டில் கொண்டுபோய் விடச்செய்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய செலானோ தோமா கூறுகிறார். "பஞ்சுவைப் படைத்தவர் அதை மறக்கமாட்டார். அதற்குமேல் எனக்குத் தெரியாது" என்றேன். தெரியாது என்ற சொல்லைக் கேட்டபின்தான் அவன் அழுதான்.

தந்தையோடு பேச அவனுக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

ஆகஸ்டில் வீட்டை மந்திரித்தேன். மூன்றரை அடி உயர்ந்திருந்தது. கொல்லையையும் மண்ணால் நிரப்பியிருந்தார்கள். கொய்யா மரத்தைச் சுற்றி மட்டும் நிரப்பாமல், தந்தை வட்டமாகச் சுவரெழுப்பி மூன்று படிகள் வைத்திருந்தார். இத்தனை இடம் வீணாகிறதே என்று அத்தை முணுமுணுத்தார். சிறுவன் குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு அப்படிகளில் இறங்கினான்.