சேற்றுள் உறங்கும் உயிர்

சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்திலே யாழ்ப்பாணத்துச் சிறு குளங்கள் பல வற்றிவிடுகின்றன. மாரியில் அங்கு நீந்தித் திரிந்த பாலாமை எங்கே மறைந்தது? காலடியிலேயே, ஈரம் தங்கிய சேற்றுள் புதைந்து கிடக்கின்றது.

இதனைக் கோடையுறக்கம் என்பர் விலங்கியலார். ஆமை தன் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும் பிராணியன்று. ஆதலின் அதன் செலவும் சிறிது. நீரும் இரையும் அருகியபோது மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்து, உடலிற் சேர்த்த கொழுப்பைக் கொண்டு உயிர் வாழ்கின்றது. பாலாமையின் பின்கால்களை மூடும் தோல் மடல்கள் அதற்குக் கதவாகின்றன. அவுஸ்திரேலியாவின் தாடி ஓணான் குளிர்காலத்திலே பதுங்கிக் கிடப்பதும் இத்தகைய சிக்கனமே. வீட்டில் அதனை வளர்ப்போர் நோயென்று அஞ்சுவதுண்டு.

ஐம்பொறிகளை அடக்குதற்கு ஆமையை உவமை காட்டினார் வள்ளுவர். அடங்கியிருத்தல் அழிந்துபோதல் அன்று.

நாம் குளங்களைத் தூர்வாருவதும் இக்கோடையிலேதான். நற்பணிதான், ஆயினும் பெக்கோ இயந்திரம் அள்ளும் சேற்றோடு உறங்கும் ஆமையும் அள்ளப்படலாம். அசையவில்லை என்று அதனை வெயிலில் எறிந்துவிடாதீர்கள். வளர்ப்பதற்கென வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் வேண்டாம். அருகே நிழலும் ஈரச் சேறும் உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். ஐப்பசி மழை வந்து அதனை எழுப்பும்.