விற்றதா, வாடகைக்கு விட்டதா?

வணிகர் ஏட்டில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். ஓசூரில் பணியாற்றும் நமது பேரன் வீட்டில் கண்டதைச் சொன்னால், நமக்கும் இதில் வேலை உண்டு என்பது விளங்கும்.

டி.வி. பெட்டிக்குக் கீழே அலமாரி நிறைய கேம் டிஸ்க்குகள். எட்டு வருடமாகச் சேர்த்தவை. மார்ச் 31-ல் கடையில் இருப்பு எடுப்பதுபோல் உட்கார்ந்து எண்ணினோம். டிஸ்க் 62. அது போக, கார்டில் பணம் கட்டி கன்சோலிலேயே இறக்கிக்கொண்டவை 110. திருமணச் செலவை முன்னிட்டு எல்லாவற்றையும் விற்கப் பார்த்தான். டிஸ்க்குகளுக்கு வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்காவது கிடைத்தது. அந்த 110-க்கும் ஒரு பைசா பெயரவில்லை. அவை அவன் பெயரிலுள்ள கணக்கோடு கட்டுண்டவை. பிறருக்கு மாற்ற விதியில் இடமில்லை.

நாம் ஒரு மூட்டை புளி வாங்கினால் அது நம்முடையது. விலை ஏறும்வரை குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம். போச்சம்பள்ளி சந்தையில் தள்ளியும் விடலாம். விற்றவர் வந்து மூட்டையைத் திருப்பிக் கேட்க முடியாது. வியாபாரம் என்பதே அதுதான்.

கேம் வியாபாரத்தில் அந்தக் காலமும் யோக்கியம் என்று சொல்லமாட்டோம். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. 1990-களில் அதன் நகல்கள் நம் நாட்டுக் கடைகளில் குவிந்தன. கேசட்டின் மேல் 9999 விளையாட்டு என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே இருந்த சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். அது எடைக் குறைவு. ஆனாலும் கேசட் கையில் நின்றது. அலுத்துப்போனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம்.

இன்று சரக்கே கைக்கு வருவதில்லை. 2014-ல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. சர்வரோடு சேர்ந்தே ஓடும் விளையாட்டு என்பதால், காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்குச் சில விளையாட்டுகளை வெறும் சாவி அட்டையாக விற்கிறார்கள். டப்பா உண்டு, அட்டை உண்டு. விளையாட்டை இணையத்தில்தான் இறக்க வேண்டும்.

இதில் வசதியே இல்லை என்று கூறவில்லை. டிஸ்க் கீறாது, இடம் அடைக்காது, பண்டிகைக் காலத்தில் பாதி விலைக்கும் வரும். வாடகைக்கு விடுவதும் கௌரவமான தொழில்தான். ஆனால் வாடகையை வாடகை என்று சொல்ல வேண்டும். ‘வாங்கு’ என்ற பொத்தானை வைத்து, முழு விலையும் பெற்றுக்கொண்டு, இது உரிமம் மட்டுமே என்று பல பக்க விதிகளுக்குள் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பது வியாபார தர்மமாகாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. பின்னாளில் பறிபோகக்கூடிய இத்தகைய சரக்கை, உரிமம்தான் என்று தெளிவாக எழுதிக் காட்டாமல் ‘வாங்கு’ என்று சொல்லி விற்கக் கூடாது. பருப்புப் பொட்டலத்தில் எடை, விலை, பொட்டலமிட்ட மாதம் எல்லாம் அச்சிட வேண்டும் என்று நம்மிடம் சட்டம் கேட்கிறது, நாமும் அச்சிடுகிறோம். அதே கண்டிப்பை இந்தப் பெரிய கடைகளிடமும் நமது அரசு காட்டட்டும். சங்கங்கள் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை, கேம் சேர்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு நமது யோசனை: நெடுநாள் வைத்திருக்க விரும்புவதை டிஸ்க்காக வாங்குங்கள். வாங்குமுன் இணையம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். கன்சோலில் கார்டு எண்ணைப் பதிந்து வைக்காதீர்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். அளப்பதற்கு முன், போடுவது நமதுதானா என்றும் பார்த்துக்கொள்வோம்.