சிபாரிசுக் கடிதமும் கைப்பேசியும்

பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிவிட்டால் படிப்பு தானாக வந்து சேரும் என்றொரு நம்பிக்கை நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. அன்பியக் கூட்டங்களில் இது பேசப்படாத மாதமில்லை. காலைதோறும் பூங்கொத்துப் படத்துடன் நூறு பேருக்கு வணக்கம் அனுப்புகிற பெரியவர்களே இதனை உரத்துப் பேசுகிறார்கள் என்பது வேறு செய்தி. கைப்பேசியால் கெட்ட பிள்ளைகளே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பிடுங்குவதால் யாருக்கு இழப்பு என்பதை எவரும் கணக்கிடுவதில்லை என்பதே நம் வழக்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாமா வங்கியில் இருப்பார். சித்தப்பா சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பார். வழி காட்டவும் ஆளுண்டு, வாய்ப்பைச் சொல்லவும் ஆளுண்டு. செங்கற்சூளையில் உழைப்பவரின் மகளுக்கு, அக்குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவளுக்கு, யார் இருக்கிறார்?

பங்குப் பணியாளர் இருக்கிறார் என்பதே இதுவரை நம்மிடையே வழங்கிவரும் விடை. ஆகவே பங்கு இல்லத்திற்கு வந்து சிபாரிசுக் கடிதம் கேட்கிறார்கள். அக்கடிதங்களின் வாசகம் எல்லாருக்கும் மனப்பாடம்: நல்ல குடும்பம், ஒழுக்கமுள்ளவர், ஆலயத்திற்குத் தவறாமல் வருபவர். அப்பெண் கணக்கேட்டை எவ்வளவு நேர்த்தியாக எழுதுவாள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. கடிதம் பெற்றவருக்கு வேலை கிடைத்தால், பெறாதவரின் திறமை அந்த அலுவலகத்தின் வாசலைக்கூட எட்டியிராது. இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் உதவி.

வேலை என்பது யார் வழியாக வருகிறது என்பதை மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறர் மூலம் வேலை அறிந்து பெற்றவர்களுள், அந்தப் பிறரை அடிக்கடி சந்திப்பவர்கள் நூற்றுக்கு 17 பேரே. மற்றவர்கள் எப்போதோ ஒருமுறை கண்டு பேசுகிற அறிமுகங்களின் வழியே வேலை பெற்றிருந்தனர். காரணம் எளிது. நெருங்கிய உறவினர் அறிந்தவற்றை ஏற்கெனவே நாமும் அறிவோம். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வரவேண்டும். தொழில்முறைத் தொடர்புக்கென 2003-இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரிடையே ஐந்தாண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வெளியாயிற்று. அதுவும் மிக நெருங்கிய உறவைவிட ஓரளவே நெருக்கமான அறிமுகம்தான் புது வேலைக்குப் பெரிதும் துணைநிற்கிறது என்றே காட்டியது. சாதிக்குள்ளும் சொந்தத்திற்குள்ளும் சுற்றிச்சுற்றி வருகிற நம் சமூகத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இல்லாமற்போனது இந்த அறிமுகமே. அதனைத் தேடிப்பெறும் வழி கைக்கு வந்திருக்கும்போது, அக்கையைத் தட்டிவிடுகிறோம்.

கல்வியிலும் இதே நிலைதான். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகள் யூடியூபில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சென்னைக் கழகத்தின் பேராசிரியர் வகுப்பில் சொல்வதை ஊர்ப்புறத்துப் பொறியியல் மாணவரும் கேட்கலாம். கேட்பதோடு நின்றால் அது வேடிக்கை பார்த்தலே. ஜெர்மனிக்குச் செவிலியராகச் செல்ல விரும்பும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அம்மொழியைப் பொதுவாக ‘பி2’ நிலைவரை அவள் கற்றாக வேண்டும். யூடியூப் பாடத்தைக் கேட்டு, தான் பேசியதைப் பதிவுசெய்து ஒரு டெலிகிராம் குழுவில் இட்டு, முன்னே கற்றவர்கள் திருத்துவதை ஏற்று மறுபடி பேசுகிறாளே, அங்கேதான் கல்வி நடக்கிறது. அங்கு ஏற்கெனவே பணிபுரியும் செவிலியர் ஒருவரை லிங்க்ட்இன்னில் கண்டு, ‘வேலை வாங்கித் தாருங்கள்’ என்று இரவாமல், ‘உங்கள் சான்றிதழ்களை அங்கே எப்படி ஏற்பிக்கச் செய்தீர்கள்?’ என்று கேட்கிறாள். அவ்வாறு கேட்பவருக்குப் பலரும் மறுமொழி தருகிறார்கள். இரண்டு வரியில் தெளிவாக ஒன்றைக் கேட்பதற்கு நம் பள்ளிகள் கற்பிக்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெண் என்றோம், அவள் கையில் கைப்பேசி இருக்கிறதா? 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 57 பேர், பெண்களில் 33 பேர். மகன் நள்ளிரவுவரை விளையாடினால் ‘பையன்தானே’ என்பதும், மகள் பாடம் கேட்டாலும் ‘யாரிடம் பேசுகிறாய்?’ என்பதும் ஒழுக்கக் காவல் ஆகுமா? அநீதி என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் நமக்குத் தெரியவில்லை.

ஏமாற்றுக்காரர் பெருகிய இடமாயிற்றே என்பார்கள். உண்மை. தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டதை 2022-இல் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கினர். இதற்குக் கைப்பேசியைப் பூட்டிவைப்பது மருந்தாகாது. பூட்டி வளர்க்கப்பட்டவன் இருபத்திரண்டு வயதில் திடீரென்று அதைத் திறக்கும்போது எந்த விளம்பரத்தையும் நம்புவான். வேலை தருபவர் பணம் கேட்கமாட்டார் என்பதையும், வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவுபெற்றவர்தாமா என்று அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம் என்பதையும் பள்ளி வயதிலேயே சொல்லித்தர யார் தடை?

பல பங்குகளின் நூலகத்தில் உறை போர்த்திய கணினி ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் அதனைத் திறந்துவிடலாம். பணியிலிருக்கும் நம் பங்கு இளைஞர் இருவர் அருகமர்ந்து, பட்டம் முடித்த பிள்ளைகள் தாம் செய்த வேலையைத் தம் சொற்களிலேயே எழுதிப் பதிவிடத் துணைநிற்கலாம். இதற்குப் பங்குப் பேரவை எந்த நிதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களையும் முதலில் அந்த அறைக்கே அனுப்பலாம்.