பஞ்சாயத்து வோட்டுக்குச் சீட்டு எங்கே?

வோட்டு யந்திரத்தை நம்பலாமா என்ற பேச்சு, தேர்தல் முடிந்த ஒவ்வொரு தடவையும் சின்னக்கானல், சூரியநெல்லி லயங்களில் எழுவதுண்டு. அந்தக் கேள்வி முதன்முதலில் கோர்ட் ஏறியது நாம் பிழைக்க வந்த இதே கேரளத்தில்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

1982 மே மாதச் சட்டசபைத் தேர்தலில் எர்ணாகுளம் ஜில்லா பரூர் தொகுதியில் நாட்டிலேயே முதலாவதாக யந்திரம் வைக்கப்பட்டது. 84 சாவடிகளில் 50-ல் யந்திரம். மற்றவற்றில் வழக்கமான வோட்டுச் சீட்டு. யந்திரம் கூடாது என்று முன்கூட்டியே ஹைகோர்ட்டுக்குப் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. வேடிக்கை என்னவென்றால், ஜெயித்தவரும் அவரே. வித்தியாசம் 123 வோட்டு. அவருக்குக் கிடைத்த 30,450 வோட்டில் 19,182 யந்திரத்தில் விழுந்தவை. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸ் இப்போது அதே யந்திரத்தை எதிர்த்து வழக்காடினார்.

1984 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. யந்திரம் நல்லதா, கெட்டதா என்ற ஆராய்ச்சியில் கோர்ட் இறங்கவில்லை. சட்டத்தில் இடமில்லாதபோது தேர்தல் கமிஷன் தன்னிஷ்டத்துக்கு யந்திரம் வைக்க முடியாது என்றது. 50 சாவடிகளிலும் மறு வோட்டெடுப்பு நடந்தது, ஜோஸ் ஜெயித்தார். 1988 டிசம்பரில் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எல்லாத் தொகுதிகளுக்கும் யந்திரம் வந்துவிட்டது.

இந்த யந்திரத்துக்கு இண்டர்நெட் தொடர்பு கிடையாது, வெளியிலிருந்து யாரும் புகமுடியாது என்பது கமிஷனின் வாதம். உள்ளே தில்லுமுல்லு நடந்ததாக எந்தக் கோர்ட்டிலும் நிரூபணமானதுமில்லை. ஆனால் சந்தேகம் வந்தால் எதை எண்ணிப் பார்ப்பது? 2013-ல் சுப்பிரமணியம் சுவாமி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு வழி சொன்னது. அதன்படிதான் கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழும் காகிதச் சீட்டு வந்தது. ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது 2019 உத்தரவு. எல்லாச் சீட்டையும் எண்ணக் கோரிய வழக்கு 2024 ஏப்ரலில் தள்ளுபடியானது. அதில் எனக்குத் திருப்தியில்லை. ஆயினும், எண்ணுவதற்குக் காகிதம் என்று ஒன்றாவது இருக்கிறது.

நம் பஞ்சாயத்துத் தேர்தலில் அதுவும் இல்லை. 2025 டிசம்பர் 9-ல் இடுக்கி ஜில்லாவில் வோட்டுப் போட்டவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கிராமம், பிளாக், ஜில்லா என மூன்று பெட்டிகள்; மூன்று பொத்தான்கள்; பீப் என்று ஒரு சத்தம். சீட்டு எங்கே? இந்தத் தேர்தலை நடத்துவது டில்லி கமிஷன் அல்ல, மாநிலத் தேர்தல் கமிஷன். அதன் யந்திரத்தில் சீட்டுப் பெட்டி கிடையாது. போடிமெட்டு இறங்கினால், அங்குள்ள நம் உறவினர்கள் 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் கலர் கலரான காகிதச் சீட்டில் முத்திரை குத்தினார்கள். தகராறு என்றால் கட்டை அவிழ்த்து மறுபடி எண்ணலாம்.

சட்டசபைக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். வார்டிலோ ஒரு லயத்து வோட்டு மெம்பரை மாற்றிவிடும். ஹரியானாவில் பானிப்பட் ஜில்லா புவானா லாகு கிராமத்தில் 2022 நவம்பரில் நடந்த சர்பஞ்ச் தேர்தலைப் பாருங்கள். ஒரு சாவடியின் கணக்கை அதிகாரி தவறாக எழுதியதில் தோற்றவர் ஜெயித்தவரானார். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் யந்திரங்களை டில்லிக்கே வரவழைத்து எண்ண, உண்மையில் ஜெயித்தவர் 51 வோட்டு முன்னால் இருந்தது தெரிந்தது. பதவிக்கு வர அவருக்கு ஏறக்குறைய மூன்று வருஷம். அங்கே தப்பு மனிதனுடையது; யந்திரத்தைத் திரும்பக் கேட்டதும் அது சரியாகச் சொன்னது. யந்திரத்தின் மேலேயே சந்தேகம் என்றால், திரும்பவும் அதே யந்திரத்தைத்தானே கேட்கவேண்டும்?

பஞ்சாயத்து யந்திரத்திலும் சீட்டுப் பெட்டி வேண்டும் என்று திருவனந்தபுரத்துக்கு மனுப்போடுவது கட்சிகளின் வேலை, தொழிற்சங்கங்களின் வேலையுங்கூட. அதுவரை பூத் ஏஜெண்டாக உட்காரும் தோழர்கள் விடிகாலை மாதிரி வோட்டெடுப்புக்கு நேரத்தோடு போகவேண்டும். பொத்தானை அமுக்கிக் கணக்குப் பார்த்து, அதை அழித்து, சீல் வைப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். சீல் நம்பரைக் குறித்துக்கொண்டு, எண்ணும் நாளில் அதே நம்பர்தானா என்று கேட்கவேண்டும்.