“ஒழுங்கா சாப்பிடு”ன்னு சொன்னா மட்டும் போதுமா?

ஹாஸ்டல்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா என்ன பண்ணணும்னு நமக்குத் தெரியும். மெஸ்ல கஞ்சி கேட்டு வாங்குவோம், வார்டன்கிட்ட சொல்லுவோம், ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம். அதே ஹாஸ்டல்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடண்ட் ரெண்டு மாசமா சரியா சாப்பிடலன்னா? “என்ன, டயட்டா?”ன்னு கிண்டல் பண்ணுவோம். அக்கறை உள்ளவங்க “ஒழுங்கா சாப்பிடு”ன்னு அதட்டுவாங்க. ரெண்டுமே உதவாது.

ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்பது ஒரு மனநோய். பெரும்பாலும் டீனேஜ்லதான் ஆரம்பிக்கும். உடம்பு மெலிஞ்சுகிட்டே போனாலும் குண்டாயிடுவோமோங்கிற பயத்துல சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே போறது அனோரெக்ஸியா. கட்டுப்பாடில்லாம நிறைய சாப்பிட்டுட்டு, பயந்துபோய் அதை எப்படியாவது ஈடுகட்டப் பார்க்கிறது புலிமியா. புலிமியா இருக்கிறவங்க பார்க்க சாதாரண எடையிலேயே இருக்கலாம். அதனால, ‘ஒல்லியா இல்லையே, அப்போ பிரச்சினை இல்ல’ங்கிற கணக்கு தப்பு. பசங்களுக்கும் வரும். அவங்ககிட்ட இது பல நேரம் மஸில் பைத்தியமா தெரியும், நாமளும் அதைப் பாராட்டிட்டுப் போயிடுவோம்.

சரி, “சாப்பிடு”ன்னு சொன்னா ஏன் வேலைக்காகாது? 1944-45ல அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாவே முன்வந்தவங்க. ஆறு மாசம் அவங்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைச்சது. உடம்பு மட்டும் இளைக்கல. எரிச்சல், சோர்வு, யார்கூடவும் பேசப் பிடிக்காத நிலை எல்லாம் வந்துச்சு. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவே ஆரம்பிச்சாங்க. பழையபடி சாப்பாடு கிடைச்ச பிறகும் பலருக்கு உடனே சரியாகல.

நம்ம பாஷையில சொன்னா இது பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். பட்டினி மனசை மாத்துது, மாறின மனசு பட்டினியைத் தொடர வைக்குது. அந்த லூப்புக்குள்ள இருக்கிறவங்ககிட்ட “சாப்பிடு, சரியாயிடும்”னு சொல்றது, கால் உடைஞ்சவங்ககிட்ட “நடந்து பாரு”ன்னு சொல்ற மாதிரி.

“இதெல்லாம் வெளிநாட்டு வியாதி, நம்ம ஊர்ல ஏது?”ன்னு கேக்கிறவங்களுக்கு ஃபிஜி தீவு ஒரு பதில். அங்கே உடம்பு பூசினாப்ல இருக்கிறதுதான் அழகு. “இளைச்சுட்டியே”ன்னு நம்ம பாட்டிமார் கவலைப்படுற மாதிரிதான் அவங்களும். 1995ல ஒரு பகுதிக்கு டிவி வந்துச்சு. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் அந்த வருஷமும் 1998லயும் விசாரிச்சார். எடை குறைக்க வாந்தி எடுப்பதா 1995ல ஒருத்தர்கூட சொல்லல. மூணே வருஷத்துல 100க்கு 11 பேர் சொன்னாங்க. அது வெறும் டிவி. நம்ம கையில இருக்கிறது ரீல்ஸ்.

அப்போ நாம என்ன பண்ணலாம்? முதல்ல, பார்த்தவுடனே “வெயிட் போட்டுட்ட”, “செமயா இளைச்சுட்ட”ன்னு ஆரம்பிக்கிற பழக்கத்தை விடலாம். பாராட்டும் சேர்த்துதான். நோய்ல இருக்கிறவங்களுக்கு அந்தப் பாராட்டு ‘இன்னும் குறை’ன்னுதான் கேக்கும்.

சந்தேகம் வந்தா தனியா பேசுங்க, மெஸ் டேபிள்ல வேணாம். எடையைப் பத்தி பேசாம, கவனிச்சதைச் சொல்லுங்க: “கொஞ்ச நாளா நீ எங்ககூட சாப்பிட வர்றதில்ல, பேசுறதும் குறைஞ்சிருச்சு, என்ன ஆச்சுப்பா?” முதல் தடவை “ஒண்ணுமில்ல”ன்னுதான் பதில் வரும். கோவப்படாம மறுபடியும் கேளுங்க. கூட உட்கார்ந்து சாப்பிடுங்க, ஆனா தட்டையே பார்க்காதீங்க. மயக்கம், நெஞ்சு படபடப்பு மாதிரி எதுவும் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அடிக்கடி வாந்தி எடுத்தா உடம்புல பொட்டாசியம் குறைஞ்சு இதயத் துடிப்பே தடுமாறலாம்.

வீட்டுக்குத் தெரியப்படுத்துறது துரோகம் இல்ல. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில உருவான சிகிச்சை முறையில பெற்றோர் மேல யாரும் பழி போடுறதில்ல. பிள்ளையோட சாப்பாட்டுப் பொறுப்பை கொஞ்ச காலம் அவங்களே எடுத்துக்கிறாங்க. டீனேஜ் பிள்ளைகளுக்கு நல்லா பலன் தரும் முறைகள்ல இது ஒண்ணு. ஹாஸ்டல்ல அம்மா அப்பா பக்கத்துல இல்லாததால, முதல்ல கவனிக்கப்போறது ரூம்மேட்தான்.

காலேஜுக்கும் ஒரு கோரிக்கை. ஃபர்ஸ்ட் இயர் இண்டக்‌ஷன்ல ராகிங், போதைப்பொருள் பத்தியெல்லாம் பேசுறீங்க, அவசியம்தான். அதோட ஒரு மணி நேரம் இதுக்கும் ஒதுக்குங்க. ‘பேசினா பசங்க கத்துக்குவாங்க’ங்கிற பயம் நியாயமானதுதான். அதனால கலோரி கணக்கையும் எடை குறைக்கிற வழிகளையும் சொல்ல வேணாம். அறிகுறி என்ன, யார்கிட்ட போகணும், குணமாக முடியும் என்ற மூணு விஷயம் போதும். வார்டனுக்கும் மெஸ் அண்ணன்களுக்கும் சேர்த்து சொன்னா இன்னும் நல்லது.

யார்கிட்ட பேசுறதுன்னு தெரியலன்னா, மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். உங்களுக்குத் தேவையில்லன்னாலும் இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க. பக்கத்து ரூமுக்குத் தேவைப்படலாம்.