தடையில்லா மின்சாரமும் காந்தப் பரீட்சையும்

எதையாவது அந்தரத்தில் மிதக்கவிட்டுக் காட்டினால் போதும். நம் ஜனங்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். சாமியார் மிதப்பதாகச் சொன்னாலும் சரி, விஞ்ஞானியின் மேஜைமேல் ஒரு கருப்பு வில்லை மிதந்தாலும் சரி, வாய் பிளப்பது ஒன்றுபோலவே இருக்கின்றது. முன்னதைப்பற்றி இங்கு பேச வரவில்லை. பின்னது மெய்தான், அதில் பித்தலாட்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மிதப்பின்மேல் பத்திரிகைக்காரர்கள் கட்டிவிட்ட கோட்டை இருக்கின்றதே, அதைத்தான் சற்று விசாரிக்க வேண்டியிருக்கின்றது.

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடேறும். கம்பி காட்டும் தடையே அதற்குக் காரணம். 1911-ம் வருஷம் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் என்பவர் பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிவரை குளிரவைத்தபோது அந்தத் தடை திடீரென்று மறைந்துபோயிற்று. இப்படிப்பட்ட பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். சூடேறாத கம்பியைச் சுருட்டிப் பெரும் பலமுள்ள காந்தம் செய்துவிடலாமென்று அவர் எண்ணினார். ஈயக் கம்பியில் செய்து பார்த்தால், காந்த பலம் சில நூறு காஸ் ஏறியதுமே போன தடை திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது! (பூமியின் காந்த பலம் சுமார் அரை காஸ்.) ஆகவே காந்தமே இந்தச் சரக்குக்குப் பரீட்சை என்பது ஆதியிலேயே தெரிந்த சங்கதி.

நிற்க, 1986-ல் ஸூரிச் பக்கத்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர் செம்பு கலந்த ஒருவகை ஆக்ஸைடில் தடை மறையும் அறிகுறியைக் கண்டார்கள். கண்டவுடன் கொட்டு முழக்கவில்லை. 'இருக்கக்கூடும்' என்றுதான் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். காந்தப் பரீட்சையும் செய்து முடித்துத்தான் அடுத்த கட்டுரை எழுதினார்கள். 1987-ல் அமெரிக்காவில் இட்ரியம், பேரியம், செம்பு சேர்ந்த ஆக்ஸைடு பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரியிலேயே மீக்கடத்தி ஆயிற்று. காற்றிலிருந்து எடுக்கும் திரவ நைட்ரஜனே குளிரவைக்கப் போதும். உடனே பத்திரிகைகள் என்ன எழுதின? இனி நஷ்டமில்லா மின்சாரம், இனி பறக்கும் ரயில் என்று எழுதின. வில்லை மிதக்கும் படத்தையும் போட்டன.

அந்த வில்லை என்ன பொருள்? உருக்கி வார்த்த உலோகமல்ல. பொடியைக் கலந்து அழுத்திச் சூளையில் வேகவைத்த ஓடு போன்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழையின் பருமனைவிடச் சிறிய மணிகள் கோடிக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திக்கில் திரும்பியிருக்கும். மணிக்குள்ளே மின்சாரம் தங்குதடையின்றி ஓடும். ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் நடுவேயுள்ள மெல்லிய வரப்பைத் தாண்ட வேண்டும். இப்படித் தாண்டுவது கூடுமென்று 1962-ல், இருபத்திரண்டாம் வயதில், கணக்கிட்டுச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் மாணவர் ஜோஸப்ஸன். தாண்டுகிற எலெக்ட்ரான் ஜோடிகள் கனத்த மரம் தூக்குகிறவர்களைப்போல ஒரே காலடி வைத்தாக வேண்டும். காந்தம் கிட்டே வந்தால் வரப்பின் நெடுகிலும் காலடி இடத்துக்கு இடம் மாறிவிடுகின்றது. ஓரிடத்தில் முன்னே தள்ள, மற்றோரிடத்தில் பின்னே தள்ள, கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே.

இதற்குப் பெரிய காந்தம் வேண்டுமா? வேண்டியதில்லை. மணி பல டெஸ்லாவைத் தாங்கும். ஒரு டெஸ்லா என்பது 10,000 காஸ். வரப்போ பத்து இருபது காஸிலேயே தள்ளாடும். நூறு காஸில் வில்லை தாங்கும் மின்சாரம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வில்லையைக் குளிரவைத்துக்கொண்டே தடையை அளந்தால் கண்கூடாகவே தெரியும்: இறங்குகிற கோட்டின் மேல் பாதி அசையாமல் நிற்கும், அது மணியினுடையது, கீழ்ப் பாதி மாத்திரம் காந்தம் ஏற ஏற வால்போல நீளும், அது வரப்பினுடையது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. காந்தத்தை ஏற்றும்போது அளந்த தடையும் இறக்கும்போது அளந்த தடையும் ஒன்றாயிரா. மணிகளுக்குள் சிக்கிக்கொண்ட காந்தம், இறக்கும்போது வரப்பிலுள்ள வெளிக் காந்தத்துக்கு எதிராக நின்று தடையைக் குறைத்துக் காட்டும். ஏற்றி அளந்தானா, இறக்கி அளந்தானா என்று சொல்லாதவன் கொடுக்கும் கணக்கு பாதிக் கணக்கே.

இப்போது மிதப்புக்கு வருவோம். வில்லையை மிதக்க வைப்பது எது? பெரும்பாலும் தனித்தனி மணிகள்தாம். ஒவ்வொரு மணியும் தன்னளவில் காந்தத்தைத் தள்ளினால் வில்லை மிதந்துவிடும். மணிக்கு மணி மின்சாரம் நன்றாய்ப் போக வேண்டுமென்பதே இல்லை. ஆகவே மிதக்கிற வில்லையைக் காட்டி, 'பார், கம்பி தயார்' என்று சொல்வது, செங்கல்லைக் காட்டி 'வீடு தயார்' என்று சொல்வதை ஒக்கும். அது தெரியாமலே ஜனங்களை ஆசைகாட்டியதைத்தான் நாம் குற்றமென்கிறோம்.

2023-ல் இதே கூத்து மறுபடியும் நடந்தது. கொரியா தேசத்திலிருந்து எல்.கே.-99 என்ற பொருள் சாதாரண வெயிலிலேயே மீக்கடத்தி என்று அறிவிப்பு வந்தது. ஒரு பக்கம் தரையில் தொட்டபடி மறுபக்கம் எழும்பி நின்ற துண்டின் படம் உலகமெல்லாம் சுற்றிற்று. சில வாரங்களில் பல தேசத்துப் பரிசோதனைச் சாலைகள் உடைத்துப் பார்த்துவிட்டன. தடை சட்டென்று குறைந்தது, உள்ளே கலந்திருந்த செம்புக் கந்தகம் சுமார் 104 டிகிரியில் உருமாறுவதால். எழும்பி நின்றது, இரும்பிலிருப்பது போன்ற காந்த குணத்தால். கலப்பில்லாமல் ஜெர்மனியில் வளர்த்த படிகம் மின்சாரத்தையே கடத்தவில்லை. எந்தப் பண்டிதரின் பட்டத்தையும் பார்க்காமல் சரக்கை மாத்திரம் பார்த்த அந்தச் சோதனைக்காரர்களை நாம் பாராட்டுகிறோம். படம் போட்ட அளவுக்கு முடிவைப் பெரிதாய்ப் போட்ட பத்திரிகைகள் எத்தனை?

ஆனால் 1987-ன் சரக்கு பொய்யாகிவிடவில்லை. மணிகளின் திக்குகள் பத்து டிகிரி மாறினாலே வரப்பில் மின்சாரம் பல மடங்கு குறைகின்றதென்று 1988-ல் கண்டுபிடித்த பிறகு, மணிகளையெல்லாம் ஏறக்குறைய ஒரே முகமாக அடுக்கும் வேலையில் இறங்கினார்கள். உலோக நாடாவின்மேல் படலம் படலமாக வளர்த்து, அதில் வெற்றியும் கண்டார்கள். அந்த இனத்து நாடாவைச் சுற்றி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் 20 டெஸ்லா காந்தம் செய்தார்கள். அதே இனத்து ஆக்ஸைடுதான். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட உழைப்பில் பெரும்பங்கு வரப்பைச் சீர்செய்வதற்கே போயிற்று. விலை இன்னும் செம்போடு போட்டியிடும் அளவுக்கு இறங்கவில்லை. நம் தெருக் கம்பங்களில் தொங்குவது இன்றும் சூடேறும் அலுமினியக் கம்பியே.